விளையாட்டு மருத்துவம்: எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

பள்ளிக் காற்பந்தாட்டத்தில் வேகமாக ஓடிவந்த மாணவன் சட்டெனத் திரும்புகிறான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். வீட்டில் தைலம் தேய்த்து உருவிவிடுகிறார்கள். கிளினிக்கில் வலி மாத்திரை கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியதும் அவன் மீண்டும் திடலில் இறங்கி, அதே காலோடு மறுபடியும் விழுகிறான்.

இப்படிப் பாதியில் நின்றுபோன விளையாட்டு வாழ்க்கைகள் ஏராளம். முழங்காலுக்குள் இருக்கும் குறுக்கு நார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்களாவது காத்திருப்பது நல்லது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. நாள்காட்டியைப் பார்த்து மட்டும் அனுப்பிவிடவும் முடியாது. அடிபட்ட காலின் பலத்தை மற்றக் காலோடு ஒப்பிட வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லிச் சோதிக்க வேண்டும். ‘இனி நீ விளையாடலாம்’ என்று பொறுப்போடு சொல்வதற்கென்றே பயிற்சி பெற்றவர்தான் விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவர்.

யார் இவர்?

இத்துறையின் பெயரைக் கேட்டதும் பெற்றோர் பலர் குழம்பிவிடுகிறார்கள். விளையாட்டு அறிவியல் பட்டதாரி, ஆட்டக்காரரின் உடல்திறனை அளந்து பயிற்சியைத் திட்டமிடுபவர். அவர் மருத்துவர் அல்லர். இயன்முறை சிகிச்சையாளர், அடிபட்ட உறுப்புக்குப் பயிற்சியின் மூலம் மீண்டும் இயக்கம் தருபவர். எலும்பு முறிவு நிபுணர் கத்தியைக் கையில் எடுப்பவர். விளையாட்டு மருத்துவரோ எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம் பெற்று, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றி, அதன் பிறகு இத்துறையில் மேற்படிப்புப் படித்தவர். அறுவை சிகிச்சை அவர் வேலை அன்று; அது தேவையா இல்லையா என்று கண்டறிவது அவர் வேலை.

ஆகவே, ‘என் மகனுக்கு விளையாட்டு பிடிக்கும், விளையாட்டு மருத்துவம் படிக்கட்டும்’ என்று நினைக்கும் பெற்றோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். முடித்ததும் நேராக நுழையும் படிப்பல்ல இது. முதலில் மருத்துவராக வேண்டும்.

என்ன படிக்கிறார்கள்?

தசை, மூட்டுக் காயங்கள் பாடத்தின் ஒரு பகுதிதான். இதயம் இன்னொரு பகுதி. 2021 ஜூன் 12ஆம் தேதி ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே சுருண்டு விழுந்தார். அவருடைய இதயம் நின்றுபோயிருந்தது. மருத்துவக் குழு அங்கேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டது. உடலில் இதயத் துடிப்பைக் காக்கும் கருவி பொருத்தப்பட்டு, 2022இல் அவர் மீண்டும் போட்டிகளில் விளையாடினார். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது, இத்தகைய ஆபத்து உள்ளவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பதெல்லாம் இப்படிப்பில் அடங்கும்.

ஊக்கமருந்து விதிகளும் பாடமே. மலேசியர்கள் இதை எளிதில் மறக்க மாட்டார்கள். 2014 உலகப் பூப்பந்துப் போட்டியின்போது டத்தோ லீ சோங் வெய்யின் பரிசோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து தெரியவந்தது. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. 2015 மே மாதம்தான் அது முடிந்தது. சத்து மாத்திரையோ நாட்டு மருந்தோ, ஆட்டக்காரர் எதை விழுங்கினாலும் அதற்கு அவரே பொறுப்பு. அதனால் ஒவ்வொன்றையும் சோதித்துச் சொல்ல விவரம் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் வேண்டும்.

வீரர்களுக்கு மட்டுமா?

இல்லை. பெயரில் ‘உடற்பயிற்சி’ என்ற சொல் இருப்பதற்குக் காரணம் உண்டு. லண்டன் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதை ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் எடுத்துக்காட்டினார். உடலுழைப்பே மருந்தாகும் என்ற எண்ணம் அறிவியலாக வளர்ந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய இடமுண்டு.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ‘நடங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், எந்த வகைப் பயிற்சி என்று மருந்துச்சீட்டு போலவே எழுதிக் கொடுக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர், முட்டி தேய்ந்தவர், இதய அறுவை சிகிச்சை செய்தவர் என ஆளுக்கு ஆள் அளவு மாறும். நம் குடும்பங்களுக்கு இத்துறை தேவைப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு பாதைகள்

மேற்படிப்பில் இரு வகை உண்டு. பணமும் காலமும் வீணாவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

முதலாவது, எம்.எஸ்சி. பட்டம். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரமாகவும் படிக்கலாம். சிலவற்றில் இயன்முறை சிகிச்சையாளர்களும் சேரலாம். அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் நல்ல படிப்பு. ஆனால் இதை முடித்ததாலேயே ஒருவர் நிபுணத்துவ மருத்துவர் ஆகிவிடுவதில்லை.

இரண்டாவது, நிபுணத்துவப் பயிற்சி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவ முதுகலைப் படிப்பு இவ்வகையைச் சேர்ந்தது. நான்கு ஆண்டுகள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே படிக்கவேண்டும். பிரிட்டன் 2005இலும் ஆஸ்திரேலியா 2009இலும் இதைத் தனி நிபுணத்துவத் துறையாக அங்கீகரித்தன. அங்கும் பல ஆண்டுப் பயிற்சி உண்டு. சிங்கப்பூரிலோ முதலில் அடிப்படைத் துறை ஒன்றில் தேறிய பிறகே இதற்குள் வர முடியும்.

மலேசியாவில் 2017 முதல் நிபுணர் பதிவேட்டில் பெயர் இருப்பவரே நிபுணராகத் தொழில் செய்யலாம். வெளிநாட்டில் பெருந்தொகை செலவழித்து ஓராண்டுப் பட்டத்தோடு திரும்பும் இளம் மருத்துவர், அப்பதிவேட்டில் இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தால் ஏமாந்துபோவார். தவறு படிப்பில் இல்லை, அதனிடம் எதிர்பார்த்ததில்தான்.

கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பட்டம் நிபுணர் பதிவுக்கு ஏற்கப்படுமா? நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி எத்தனை மாதம்? திரும்பி வந்தபின் எந்த மருத்துவமனையில் இதற்கு வேலை இருக்கிறது? முதல் கேள்விக்கான பதிலை விளம்பரத் தாளில் தேடாமல், மலேசிய மருத்துவ மன்றத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

திடலில் விழுந்த அந்த மாணவனுக்குத் தேவை, அவசரப்படாமல் பார்த்துச் சொல்லும் ஒருவர். அந்த ஒருவராக வர விரும்பும் இளையோரும் தாங்கள் போகும் பாதையை அதே நிதானத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.