கைவண்ணத்தில் ஒரு பெருநாள்



ரமழான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிபுக்குப் பிறகு வானொலியைச் சுற்றி உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக் கூட்டம் நடக்கும். முஸ்லிம் சேவையில் முடிவு வரும்வரை உம்மாமார் வட்டிலப்பத்துக்கு முட்டையை உடைப்பதா, ஸஹருக்குச் சோற்றை வடிப்பதா என்று இரண்டு மனதோடு நிற்பார்கள். பிறை என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, வீடு தலைகீழாகிவிடும். அந்த அமளியிலும் ஒரு கணக்கு மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கும். யாருக்கு என்ன கொடுப்பது? போன முறை அவர்கள் தந்ததற்கு இந்த முறை நாம் என்ன கொடுப்பது?

இந்தக் கணக்கைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நான் வளர்ந்தது ஸ்பிரிங்வெளியில். பதுளை நகரை விட்டு மேலே ஏறினால், 6,000 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் சரிவில், தேயிலைக்கு நடுவே இருக்கிற இடம். வாப்பாவுக்கு அங்கே ஒரு சின்னக் கடை. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய், கொஞ்சம் கண்ணாடிச் சாமான். வாங்குகிறவர்கள் எல்லாம் தோட்டத்துச் சனம். சாமான் கொப்பியில் ஏறும், சம்பளத்தன்று கொப்பியில் வெட்டுப்படும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கொப்பியைக் கூட்டிக் கொடுப்பது என் வேலை.

2004ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்துக்குள் வந்தன. எங்கள் கடைக்கு மேலே இருந்த லயத்தில் எனக்கொரு சிநேகிதி. அவளுக்குத் தீபாவளிப் பரிசு கொடுக்க வேண்டுமென்று அடம்பிடித்து, வாப்பாவோடு பதுளைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ஒரு பொம்மையை வாங்கி வந்தேன். மினுங்கும் தாளில் சுற்றி, நாடாக் கட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய முகம் மலர்ந்தது. அவளுடைய அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலே நாளில் பெருநாள். காலையில் அந்த அக்கா குளித்து, நல்ல சேலை உடுத்தி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பார்சல். பிரித்தால் ஆறு கண்ணாடிக் கிளாஸ், பூப்போட்டது.

அந்த வாரக் கடைசியில் கொப்பியைக் கூட்டும்போது அதே கிளாஸ் செட் அந்த வீட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தது. எங்கள் கடையில் கடனுக்கு வாங்கி எங்கள் வீட்டுக்கே பரிசாக வந்திருக்கிறது! அந்த வீட்டில் ஏற்கெனவே பண்டிகை அட்வான்ஸ் எடுத்திருந்தார்கள். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அட்வான்ஸ் என்றால் என்னவென்று தெரியும். அது இனாம் அல்ல. பண்டிகைக்கு முன்னால் கையில் தந்து, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

“ஏன் வாப்பா கொடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டுக்குத்தானே, வேணாம்னு நான் சொன்னா அந்த மனுஷி முகத்தை எங்கே வைக்கும், மகள்?” என்றார்.

எழுத்தை வெட்டிவிடலாம் என்றேன். அதுவும் கூடாதாம், கணக்கு அவர்களுக்கும் மனப்பாடமாம். மூன்று சம்பளத்தில் அந்தக் கடன் தீர்ந்தது. அதுவரை உம்மா அந்தக் கிளாஸில் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

வாசகியரே, அன்பளிப்புக் கொடுத்து நேசம் வளர்ப்பது நம் மார்க்கம் விரும்பும் காரியம்தான். ஆனால் நாம் கொடுக்கும் பொருளின் விலை அடுத்த வீட்டாருக்கு ஓர் அளவுகோலாகிவிடுகிறதே! அவர்கள் ஏழையானாலும் மானமுள்ளவர்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். 2005ஆம் ஆண்டும் தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்தில்தான் வந்தன. நோன்பு தொடங்கும் முன்பே உம்மா சொல்லிவிட்டார்: “இந்த முறை கடைச் சாமான் ஒண்ணும் வேணாம். கையால செய். அவங்களும் கையால செஞ்சு தரலாம்.”

அந்த வருடம் செய்தவற்றையும், பிறகு கற்றுக்கொண்டவற்றையும் சொல்கிறேன். எல்லாம் மலைநாட்டில் காலடியில் கிடக்கும் சாமான்கள்.

முதலில் தேயிலை. அதைக் குடிக்கத்தான் தெரியும் என்று நினைக்கிறோம், நல்ல சாயப்பொருளும் அதுதான். பழைய வெள்ளைப் பருத்தித் துணி ஒரு கெஜம் போதும். பொலியெஸ்டர் துணியில் சாயம் ஏறாது, அதை விட்டுவிடுங்கள். துணியைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். நாலைந்து நாள் வடித்த தேயிலைச் சக்கையைச் சேர்த்து வைத்து, அதோடு ஒரு பிடி புதுத் தூளும் போட்டு, கறுக்கக் கறுக்கக் கொதிக்க வையுங்கள். வடித்த சாயத்தில் ஈரத் துணியைப் போட்டு அரை மணி நேரம் சூடாக்கி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அலசி நிழலில் காயப் போடுங்கள். தேன் நிறமும் மண் நிறமும் கலந்த துணி கிடைக்கும். ஊறப்போடும் முன் அங்கங்கே பயறு, கடலை வைத்து நூலால் இறுக்கிக் கட்டினால், அவிழ்க்கும்போது வெள்ளை வளையங்கள் பூத்திருக்கும்.

கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளை ஜாம் போத்தலில் போட்டு வினாகிரி ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டியை ஒரு பேசின் தண்ணீரில் கலந்து தேயிலைத் துணியை முக்கினால், கண்முன்னே சாம்பலாகி, கறுத்துப்போகும். பிள்ளைகளுக்கு இதைவிட வேடிக்கை வேறில்லை. தேயிலையிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் மாயம் அது. ஆந்திராவின் காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்புத் தீட்டுவதும் இதே வழியில்தான். அங்கே கடுக்காயின் துவர்ப்பு, இரும்போடு வெல்லத்தை ஊறவைத்த நீர். ஓர் எச்சரிக்கை: இரும்புநீர் அதிகமானால் துணி சீக்கிரம் இற்றுப்போகும். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கவும் கூடாது.

இந்தத் துணியில் நான் தைத்தது சுருக்குப் பைகள். ஒன்றில் பேரீச்சம்பழம், ஒன்றில் ஏலக்காயும் கறுவாவும், ஒன்றில் உம்மா செய்த தொதல் துண்டுகள். பரிசைச் சுற்றிய மினுங்கும் தாள் அன்று மாலையே குப்பைக்குப் போகும், பை அடுத்த பெருநாளுக்கும் இருக்கும். இன்னொரு சின்ன விஷயம், அயலாருக்குப் பலகாரம் கொடுக்கும்போது முட்டை சேர்த்ததா இல்லையா என்று சொல்லிக் கொடுங்கள். விரதம் இருக்கும் வீடுகள் உண்டு. வட்டிலப்பத்தை அனுப்பிவிட்டு அவர்கள் சாப்பிடவில்லையே என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.

அடுத்தது பெருநாள் சல்லி. பிள்ளைகளின் கையில் நோட்டை மடித்துத் திணிப்பதைவிட ஓர் உறையில் போட்டுக் கொடுத்தால் அழகுதானே? மலேசியாவில் இதற்கென்றே பச்சை நிற உறைகள் அச்சடித்து விற்கிறார்கள். நமக்கு அச்சகம் வேண்டாம், வெலிமடை உருளைக்கிழங்கு போதும்! கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். பிறையும் நட்சத்திரமும் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே உள்ள சதையைச் சீவி எடுங்கள். பஞ்சில் வர்ணத்தைத் தொட்டு அச்சில் தடவி, தாளில் அழுத்துங்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் அது தானாகவே ஒரு பூ. மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள் நிறம், அதில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. (பீட்ரூட் சாற்றை நம்பாதீர்கள், பெருநாள் முடியுமுன்னே வெளுத்துவிடும். நான் நம்பி ஏமாந்தவள்.) தாளுக்குப் பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்கள், பசைக்கு அடுப்பில் கிண்டிய கோதுமை மா. 2022இல் நம் நாட்டில் கடுதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின அல்லவா? அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வெற்றுப் பக்கமும் குப்பைக்குப் போவதில்லை.

வீட்டு அலங்காரத்துக்கு வருவோம். வாசலில் தொங்கும் வெளிச்சக் கூட்டை வெசாக் காலத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைவேலையை எனக்குச் சொல்லித் தந்தது பதுளையில் என்னோடு படித்த சிங்களத் தோழி. மூங்கிலைப் பிளந்து சீவி, ஒன்றரை அடி நீளத்தில் பத்துக் குச்சி. ஐந்து குச்சியால் ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தால் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் கட்டுங்கள். நடுவிலே குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் விரல் நீளத் துண்டுகளைக் குறுக்கே நிறுத்தினால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். மெல்லிய வர்ணத் தாளை ஒட்டி, பின்பக்கம் ஒரு திறப்பு விடுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, ஒரு தீப்பொறி போதும். சின்ன மின்குமிழோ பற்றரி விளக்கோ வையுங்கள். கெய்ரோ நகரில் ரமழான் முழுவதும் தகரத்தாலும் வர்ணக் கண்ணாடியாலும் செய்த ‘ஃபானூஸ்’ விளக்குகள் தெருவெங்கும் தொங்கும். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் குருத்தோலையைப் பின்னி அதற்குள் அரிசி வைத்து அவிக்கும் ‘கெத்துபாட்’ பெருநாள் உணவாகவும் தோரணமாகவும் இருக்கிறது. அவரவர் மண்ணில் கிடைப்பதுதான் அவரவர் அலங்காரம்.

எங்கள் மண்ணில் குருத்தோலை குறைவு. ஆனால் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? மேலே பச்சை, கீழே வெள்ளி! உதிர்ந்த இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, நூலில் மாற்றி மாற்றிக் கோத்தால் கடைத் தோரணம் தோற்றுவிடும். பைன் காட்டில் விழுந்து கிடக்கும் காய்களையும் பொறுக்கி வாருங்கள். மழையில் மூடிக்கொண்ட காய் அடுப்பங்கரைச் சூட்டில் விரிந்துவிடும்.

உம்மம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு: ஓடைக்கரையில் ஆளுயரத்துக்குத் தழைக்கும் ஒரு புல்லில், கண்ணீர்த்துளி வடிவத்தில் சாம்பல் நிற மணிகள் காய்க்கும். முற்றிய மணியின் நடுவிலுள்ள நரம்பை ஊசியால் தள்ளினால் துளை தானாகக் கிடைக்கும். துளைக்கருவி வேண்டாம், மெருகும் வேண்டாம். 33 மணி கோத்தால் ஒரு தஸ்பீஹ். கை பட்டுப் பட்டு இன்னும் பளபளக்கும்.

மருதோன்றியை அரைத்து, தேயிலைச் சாயமும் எலுமிச்சம்புளியும் விட்டுக் குழைத்து, கூம்பு மடித்து நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதைப் பிள்ளைகளின் கையில் போட வேண்டாம். அவற்றில் பலவற்றிலும் முடிச்சாய இரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும். மருதோன்றி இயற்கையில் சிவக்கும், கறுக்காது.

சரி, 2005இல் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தீபாவளியன்று காலை என் சிநேகிதிக்குத் தேயிலைச் சாயப் பை ஒன்றைக் கொண்டுபோனேன். தையல் கோணலாகத்தான் இருந்தது. உள்ளே தொதலும், உருளைக்கிழங்கு அச்சிட்ட ஒரு வாழ்த்து அட்டையும். அவளுடைய அம்மா பையை மூக்கருகே கொண்டுபோய், “தேயிலை வாசம் வருதே, இதையும் நாங்கதான் பறிச்சோமா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். போன வருடம் பொம்மைப் பெட்டியைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெருநாள் காலையில் அவர்கள் வந்தார்கள். இந்த முறை சிநேகிதியின் தாத்தாவும் கூட வந்தார். அவருக்கு மூங்கில் பின்னத் தெரியும், அந்தக் காலத்தில் மலையில் கொழுந்துக் கூடை பின்னிக் கொடுத்தவர். அதே போல ஒரு கூடை, ஆனால் ஒரு சாண் உயரம்தான். தலையில் மாட்டும் கயிறுகூடச் சின்னதாக வைத்திருந்தார். உம்மா வாங்கி உள்ளே பார்த்தார். அடியில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது, அவர்கள் வீட்டு மரத்தில் காய்த்தது.

அந்த வாரம் கொப்பியைக் கூட்டியபோது, அந்த வீட்டுப் பக்கத்தில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் மட்டுமே இருந்தன.

கூடை இப்போதும் உம்மாவின் அடுப்பங்கரையில் தொங்குகிறது. வெள்ளைப்பூண்டு போட்டு வைத்திருக்கிறார்.