லயன் வாசலில் பட்டாசு

சித்திரைப் புத்தாண்டும் பாடசாலை விடுமுறையும் ஒன்றுசேரும் ஏப்ரல் மாதத்தில் மலையகத் தோட்டங்கள் கலகலப்படைகின்றன. கொழும்பில் தொழில் புரியும் இளைஞர், யுவதிகள் புத்தாடைகளுடன் பட்டாசுப் பெட்டிகளையும் சுமந்து ஊர் திரும்புகின்றனர். தீபாவளிக்கும் இதே காட்சிதான். பெருநாள் இரவில் கடைவீதிச் சிறுவர்கள் மத்தாப்புக் கொளுத்துவதும் புதிதன்று. இம்மகிழ்ச்சிக்குத் தடைபோடுவது எமது நோக்கமல்ல. ஆயினும் அக்கரப்பத்தனை போன்ற பகுதிகளில் லயன் வாசலில் வெடி கொளுத்துவது, நகரத்து வீட்டு முற்றத்தில் கொளுத்துவதைப் போன்றதல்ல.

பிரித்தானியர் காலத்து லயன்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்தவை. கூரை மரங்களோ பழையவை. அடுப்புக்கு மேல் பரணில் விறகு அடுக்கப்பட்டிருக்கும். குளிருக்கும் ஒழுக்குக்கும் பயந்து கூரையின் உட்புறத்தில் பொலித்தீனும் சாக்கும் கட்டப்பட்டிருக்கும். இதனால் ஓர் அறையில் பற்றிய தீ சொற்ப நேரத்தில் முழு லயனையும் சூழ்ந்து விடுகிறது. நகரிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவுப் பாதைகளைக் கடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். லயன் தீ விபத்துகள் பலவற்றுக்கு மின்கசிவே காரணமாகக் கூறப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் எதனால் பற்றினாலும் தீ பரவும் வழி ஒன்றுதான்.

இவ்வாறு எரிவது பாத்திர பண்டங்கள் மட்டுமல்ல. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை உரிமைக்காகக் காத்திருந்த சமூகம் இது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இழந்த குடும்பம் அவற்றை மீளப் பெற அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது.

பெற்றோர் பலர் வெடிக்கு அஞ்சுகின்றனர், மத்தாப்புக்கு அஞ்சுவதில்லை. ஆனால் கம்பி மத்தாப்பின் வெப்பம் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸை எட்டுகிறது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை அதன் மருந்தே வழங்குவதால் துணியால் மூடி அதனை அணைத்துவிட முடியாது. மலையகக் குளிருக்கு அணியும் நைலோன் அங்கிகளும் செயற்கை இழைக் கம்பளிச் சட்டைகளும் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மத்தாப்புப் பிடிக்கும் சிறுவருக்குப் பருத்தி ஆடையே உகந்தது.

எமது நாட்டில் வாணவெடி உற்பத்தியும் விற்பனையும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆனால் வாங்கியவர் அவற்றை எங்கே, எப்படிக் கொளுத்துகிறார் என்பதைத் தோட்டங்களில் எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டிலேயே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பட்டாசு வெடிப்பதைத் தடை செய்தது. கோடை விடுமுறையில், ஜூலை 4 ஆம் திகதி, வாணவேடிக்கையில் திளைக்கும் அமெரிக்காவில் கூட மசாசுசெட்ஸ் மாநிலம் தனியார் பட்டாசு கொளுத்துவதை அறவே அனுமதிப்பதில்லை.

அத்தகைய தடை இங்கு அவசியமென நாம் கருதவில்லை. லயன் வாசலைத் தவிர்த்து, தோட்ட விளையாட்டு மைதானத்தில் பெரியோர் முன்னிலையில் அனைவரும் கூடிக் கொளுத்தலாம். தோட்டத் தலைவர்களும் ஆலய பரிபாலன சபையினரும் முன்வந்தால் இது இயலாத காரியமல்ல. வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. சற்று நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எரிந்த கம்பிகளைப் போடவும் ஒரு வாளித் தண்ணீர் அருகில் இருக்கட்டும். தீக்காயத்துக்குப் பற்பசையோ மையோ பூசுவது எமது மக்களிடையே இன்னும் நீங்காத பழக்கம். காயத்தின் மீது 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரை விட்டு, சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே முறை. தோலோடு ஒட்டிய ஆடையைப் பிய்த்தெடுக்கக் கூடாது.