தோலோடு சாப்பிட வேண்டிய பட்டாணி

பெரிய காய்கறிக் கடைகளில் தட்டையான, இளம் பச்சை நிறப் பட்டாணிக் காய்களை ‘ஸ்னோ பீஸ்’ என்ற பெயரில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதன்முறை வாங்குகிற சிலர், வழக்கமான பட்டாணி என்று நினைத்து உரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே முற்றாத சின்னஞ்சிறு மணிகள்தான் இருக்கும். ஏமாந்துவிட்டோம் என்று தோலைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் காசு கொடுத்து வாங்கியதே அந்தத் தோலைத்தான்!

இதுவும் சாதாரணப் பட்டாணியும் ஒரே இனம். சாதாரணப் பட்டாணித் தோலின் உட்புறத்தில் காகிதம் போன்ற கெட்டியான படலம் ஒன்று உண்டு, மென்றாலும் மசியாது. ஸ்னோ பீஸில் அந்தப் படலம் இல்லை. அதனால் பிஞ்சு அவரைக்காயைப் போல முழுதாகச் சாப்பிடலாம்.

என்ன சத்து இருக்கிறது?

100 கிராம் பச்சைக் காயில் சுமார் 42 கலோரி, 2.8 கிராம் புரதம், 2.6 கிராம் நார்ச்சத்து, 2 மில்லிகிராம் இரும்புச்சத்து, 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கின்றன. உரித்த பச்சைப் பட்டாணியில் புரதம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் வைட்டமின் சி சுமார் 40 மில்லிகிராம்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காய்கறி, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை நம் உடல் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அதே உணவில் வைட்டமின் சி-யும் இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இந்தக் காயில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. எனவே வீட்டுப் பெண்களின் தட்டில் இது அவசியம் இருக்கட்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கு இந்தக் காய் மாற்று அல்ல என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எப்படிச் சமைப்பது?

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். குக்கரில் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் சத்தும் போய்விடும், காயும் குழைந்துவிடும்.

ஒடித்தால் ‘படக்’கென்று உடையும் காய்களாகப் பார்த்து வாங்குங்கள். கழுவி, இரு முனைகளையும் கிள்ளி, ஓரத்து நாரை உரித்துவிடுங்கள். வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, நன்றாகச் சூடானதும் தட்டிய பூண்டு நான்கு பல், பிறகு காயைப் போட்டு இரண்டு, மூன்று நிமிடம் வதக்கினால் போதும். பச்சை நிறம் பளிச்சென்று மாறும்போதே உப்பு, மிளகுத்தூள் தூவி இறக்கிவிடுங்கள். கடைசியில் சிறிது எலுமிச்சைச் சாறு பிழியலாம்.

சீனச் சமையலில் இதுபோன்ற வதக்கல்களில் அரிசி ஒயின் சேர்ப்பதுண்டு. வெளியில் சாப்பிடுகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுச் சமையலுக்கு அது தேவையே இல்லை. பூண்டும் எலுமிச்சையும் தருகிற மணமே போதுமானது.