அணுவிசை நீர்மூழ்கியில் தனித்துறைப் பணியும் பொது இயந்திரப் பணியும்

கல்பாக்கத்தில் கரையிலேயே கட்டப்பட்ட நீர்மூழ்கி முன்மாதிரி அணுஉலை 2003இல் மாறுநிலை எய்தி, 2006இல் முழு இயக்கத்துக்கு வந்தது. 'அரிஹந்த்' கப்பலின் பணியாளர்கள் அங்குப் பயிற்சி பெற்றனர். அவர்கள் கற்க வேண்டியிருந்தது அணுவியல் மட்டும் அன்று. அணுவிசை நீர்மூழ்கியும் அடிப்படையில் ஒரு நீராவிக் கப்பலே. உலையின் வெப்பத்தை உயர் அழுத்த நீர் சுமந்து செல்ல, அவ்வெப்பத்தால் உண்டாகும் நீராவி சுழலியை இயக்குகிறது. ஆகவே இயந்திரப் பிரிவினருக்கு எக்கி, வால்வு, குழாய் இணைப்பு, மசகெண்ணெய் என எக்கப்பலுக்கும் உரிய வேலைகள் உண்டு. உலைநீரின் வேதியியல், கதிரியக்க அளவீடு ஆகிய தனித்துறை வேலைகளும் உண்டு. அரியலூரின் சிமெண்ட் ஆலையொன்றில் சூளை பழுதுபட்டால் வெளியூரிலிருந்து வல்லுநரை வரவழைக்கலாம். கடலடியில் அவ்வாய்ப்பு இல்லை.

இச்சிக்கலுக்கு அமெரிக்கக் கடற்படை கண்ட வழி கருதத்தக்கது. அங்கு உலைநீரைச் சோதிப்பதற்கெனத் தனியே வேதியியலாளர் சேர்க்கப்படுவதில்லை. அணுப்பயிற்சி பெற்ற இயந்திரப் பணியாளருள் சிலருக்கே கூடுதல் பயிற்சி அளிக்கப்படுகிறது. நீரில் குளோரைடும் உயிர்வளியும் மிகுந்தால் துருவேறா எஃகில் விரிசல் தோன்றக்கூடும் என்பதால், அவர்கள் மாதிரி எடுத்து அளந்து பதிவு செய்கின்றனர். பிறரைப் போல இயந்திர அறையிலும் முறைப்பணி ஆற்றுகின்றனர். இவ்விரட்டைப் பொறுப்பு பெருஞ்சுமைதான். பதிவேடும் தணிக்கையும் உள்ள வேலையே நேரத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். ஒழுகும் எக்கி காத்திருக்க நேரும்.

எனினும் பொது வேலையைச் சிறிதெனக் கருதுவதற்கில்லை. 1963 ஏப்ரல் 10 அன்று 'திரெஷர்' மூழ்கி 129 பேர் இறந்தனர். கடல்நீர்க் குழாய் உடைந்து இயந்திர அறையில் நீர் புகுந்திருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. அதற்கு முன்னர் அக்கப்பலில் வெள்ளிப் பற்றாசு வைத்த 145 இணைப்புகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 14 விழுக்காடு தரக்குறைவாக இருந்தன. முதற்பழுது உலையினுடையதன்று, சாதாரணக் குழாயினுடையது. ஆயினும் அதன் விளைவாக உலை நின்றது என்றும், மேலெழுவதற்கான விசை அதனால் இல்லாமற்போயிற்று என்றும் கருதப்படுகிறது. நின்ற உலையை மீண்டும் இயக்கும் நடைமுறை பின்னர் விரைவுபடுத்தப்பட்டது. ஆக, அந்த விபத்து இரு வகைப் பணிகளிலும் திருத்தம் கோரியது.

சோவியத்தின் 'கே-19' கப்பலில் நிலைமை மறுதலையானது. 1961 ஜூலை 4 அன்று உலையின் குளிர்விப்பு அமைப்பில் கசிவு ஏற்பட்டது. மாற்று அமைப்பு இல்லை. அப்போது கப்பலைக் காத்தது உலைக்கணிதம் அன்று. கதிரியக்கம் நிறைந்த உலையறைக்குள் மாலுமிகள் மாறி மாறிச் சென்று, கையிலிருந்த குழாய்களைப் பற்றவைத்து நீர்வழி அமைத்தனர். உலை குளிர்ந்தது. உள்ளே சென்றவர்களுள் 8 பேர் சில வாரங்களில் இறந்தனர். அதன் பிறகே அவ்வகைக் கப்பல்களில் மாற்றுக் குளிர்விப்பு அமைப்பு பொருத்தப்பட்டது.