பதினேழாவது பைட்

விண்டோஸ் நோட்பேடில் 'அம்மா' என்று அடித்து, ஒருமுறை என்டர் தட்டி, யூடிஎஃப்-8 வடிவில் சேமித்துப் பாருங்கள். கோப்பின் அளவு 17 பைட். அதே ஒரு வரியை லினக்ஸ் முறைப்படி சேமித்தால் 16 பைட்தான். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று யூனிகோடு இச்சொல்லை ஐந்து குறிகளாக எண்ணுகிறது. குறிக்கு மூன்று பைட் வீதம் 15. வம்பெல்லாம் மிச்சத்தில் இருக்கிறது.

மிச்சம் வரிமுடிவைக் குறிக்கும் பைட்டுகள்; டெலிபிரிண்டர் காலத்து வழக்கம் அது. வரி முடிந்ததும் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை, தாளை ஒரு வரி நகர்த்த இன்னொன்று. ஆஸ்கி அட்டவணையில் இவற்றின் எண்கள் 13, 10. தாளும் அச்சுத்தலையும் போய்விட்டன. விண்டோஸ் மட்டும் இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கிறது. லினக்ஸுக்கும் இன்றைய மேக்குக்கும் 10 மட்டும் போதும்.

1971-இல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் வகுத்த, கோப்பு அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபி, உரைக்கோப்பை அனுப்பும்போதே இந்த வரிமுடிவை மாற்றிக் கொடுத்தது. ஆனால் கடவுச்சொல்லும் அதில் அஞ்சலட்டை வாசகம்போலத் திறந்தே போகும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் திருடு போனபின், அங்கிருந்த தாத்து ஊலோனென், வேறு கணினியோடு மறையாக்கி இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் எழுதினார். அதன்மேல் பிறகு வந்த எஸ்எஃப்டிபி எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்புகிறது. உள்ளே இருப்பதைத் திருத்துவதில்லை. நாமே கேட்டுக்கொண்டால் சில மென்பொருள்கள் மாற்றித் தரும், அவ்வளவுதான்.

இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அனுப்பியதும் பெற்றதும் ஒன்றுதானா என்று பார்க்க லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம், விண்டோஸில் செர்ட்யூடில் என்ற கருவிகள் இருக்கின்றன. இரண்டாவதிடம் எஸ்ஹெச்ஏ256 என்று குறிப்பிட்டுக் கேட்டால், இரண்டும் தரும் 64 இலக்கக் கைரேகை பொருந்த வேண்டும். வழியில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை அடையாளமே தெரியாமல் போய்விடும்.

பிடிவாதத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறேன். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓட்டினேன். 'அப்படியொரு கோப்பே இல்லை' என்றது. கோப்போ கண்ணெதிரே! முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டிய நிரலின் பெயருக்கு வாலாக அந்த 13 ஒட்டியிருந்தது. கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போயிற்று. டாஸ்2யூனிக்ஸ் என்ற சின்னக் கருவி நொடியில் அதை நறுக்கிவிட்டது.

கைரேகையை ஒப்பிடும் பழக்கம் கோப்புக்கு மட்டுமல்ல, சர்வருக்கும் வேண்டும். முதன்முறை ஒரு சர்வரோடு இணையும்போது அதன் கைரேகையைக் காட்டி, 'தொடரலாமா?' என்று எஸ்எஸ்ஹெச் கேட்கும். பழக்கதோஷத்தில் 'யெஸ்' அடித்துவிடாதீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேட்டு, ஒப்பிட்டுவிட்டு அடியுங்கள்.