உப்பைக் கழிக்கும் நாக்கு

பசியாவரம் முதலிய மீனவர் ஊர்களைத் தழுவிக் கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் கழியாகும். ஆரணி, காளங்கி ஆறுகளின் வெள்ளமும் முகத்துவாரம் வழியே ஏறும் வங்கக் கடல்நீரும் இங்கே கலப்பதால், ஏரியின் உப்பளவு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நன்னீரை நெருங்கும் அளவுக்குக் குறைவதும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகும் கோடையில் கடல்நீரையே மிஞ்சுவதும் உண்டு. இன்று இவ்வேரியில் முதலைகள் நிலையாக வாழவில்லை என்றாலும், இத்தகைய கழிகளும் ஆற்று முகங்களுமே உவர்நீர் முதலையின் இயல்பான வாழிடங்கள். இந்தியாவில் அவ்வினம் ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் எஞ்சியுள்ளது.

முதலையின் உடலமைப்பைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தலையிலிருந்தே தொடங்குவர். அதற்குக் காரணமும் உண்டு. மூக்குத்துளைகள், கண்கள், செவிகள் மூன்றும் தட்டையான தலையின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் நீருக்குள் மறைந்திருக்கும்போதே அது மூச்சுவிடவும் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. மூழ்கும்போது மூக்குத்துளைகள் தசைகளால் இறுக மூடிக்கொள்ள, செவிப்பிளவுகளை மடல்கள் மறைக்க, கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் மூன்றாவது இமை படர்கிறது. ஆயினும் நீருக்கடியில் அதன் பார்வை கூர்மையாக இராது. அக்குறையை ஈடுசெய்பவை தாடைச் செதில்களில் காணப்படும் நுண்ணிய புள்ளிகளாகிய தொடுஉணர் உறுப்புகள். நீர்ப்பரப்பில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் உணரும் இவை, இருளிலும் இரை இருக்கும் திசையைக் காட்டித் தருகின்றன.

1976ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையில், வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வாயைப் பிளந்தபடி கரையில் கிடக்கும் முதலையைக் கூர்ந்து நோக்குவோர், அதன் நாக்கு அடிவாயோடு ஒட்டியிருப்பதையும், தொண்டைக்குழி தெரியவேண்டிய இடத்தைச் சதைமடிப்பு ஒன்று அடைத்திருப்பதையும் காணலாம். நாக்கின் அடியிலிருந்து எழும் மடிப்பும் மேலண்ணத்திலிருந்து இறங்கும் மடிப்பும் சேர்ந்து உருவாகும் இந்தத் தடுக்கிதழ், வாய்க்குள் புகும் நீர் தொண்டைக்குள் இறங்காமல் காக்கிறது. மூக்கிலிருந்து வரும் காற்றுவழியும் எலும்பாலான இரண்டாம் அண்ணத்தின் மேலாகச் சென்று தடுக்கிதழுக்குப் பின்னால்தான் திறக்கிறது. ஆகவே வாய் நிறைய நீரும் பற்களிடையே இரையும் இருக்கும்போதுகூட, மூக்கு நுனி மட்டும் வெளியே இருந்தால் முதலையால் மூச்சுவிட முடியும். ஆனால் விழுங்குவதற்குத் தடுக்கிதழ் திறந்தாக வேண்டும் என்பதால், பிடித்த இரையை விழுங்க அது தலையை நீருக்கு மேலே தூக்குகிறது.

நெடுநேரம் மூழ்கியிருக்கும் திறனுக்கு அதன் இதயத்தையே பலர் காரணம் காட்டுவர். மற்ற ஊர்வனவற்றைப் போலன்றி நான்கு அறைகள் கொண்ட அவ்விதயத்தில், இரு பெருந்தமனிகளையும் இணைக்கும் சிறு துளையை இத்தாலிய உடற்கூற்றியலார் பனிட்சா 1833இல் விவரித்தார். நுரையீரலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்து உடலுக்குத் திருப்பும் வழி இதயத்தில் இருப்பது மூச்சடக்க உதவுவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. கரியமில வாயு மிகுந்த அக்குருதி இரைப்பையில் அமிலம் சுரக்கத் துணைபுரிகிறது என்னும் விளக்கமும் பின்னர் எழுந்தது. எவ்வாறாயினும், குளிர்ந்த நீரில் அசையாதிருக்கும் முதலை ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூழ்கியிருப்பதற்கு, மிகக் குறைவான ஆக்சிசன் தேவையே முதன்மையான காரணமாகும்.

நீந்தும்போது உந்துவிசை தருவது, பக்கவாட்டில் தட்டையான, உடல் நீளத்தில் பாதியளவுள்ள வால்; கால்கள் உடலோடு ஒட்டிக்கொள்கின்றன.

இவையெல்லாம் நன்னீரிலும் பயன்படும் அமைப்புகள். முதலையின் உடல்நீர்மத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதால், உவர்நீரில் வாழும் முதலையின் உடல் நீரை இழந்துகொண்டும் உப்பை ஏற்றுக்கொண்டும் இருக்கும். மிகையான உப்பைச் செறிவாக வெளியேற்ற அதன் சிறுநீரகங்களால் இயலாது. கண்ணருகே உப்புச் சுரப்பிகளைக் கொண்ட கடலாமையைப் போல முதலையும் கண்ணீர் வழியே உப்பைக் கழிக்கக்கூடும் என்று தேடியவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களாகிய டாப்லினும் கிரிக்கும் 1981இல் அதனை நாக்கில் கண்டனர்: நாக்கின் மேற்பரப்பில் உள்ள சிறு துளைகள் வழியே, குருதியைவிடப் பன்மடங்கு செறிவான உப்புநீரைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. முதலைக் கண்ணீரைப் பழித்தவர்கள் அதன் நாக்கை நோக்காமல் விட்டது வேடிக்கையே. தடிப்பான தோல் உப்பைப் பெரிதும் தடுப்பதும், கழிமுகத்தில் மழைக்குப் பின் மேலே மிதக்கும் நன்னீர்ப் படலத்தை முதலை பருகுவதும் இச்சுரப்பிகளின் சுமையைக் குறைக்கின்றன.

அமெரிக்க அலிகேட்டரின் நாக்குச் சுரப்பிகளுக்கு இத்திறன் இல்லை. அதனால்தான் உவர்நீரில் அது நெடுங்காலம் தங்குவதில்லை. மாறாக, கடலை ஒருநாளும் காணாமல் நன்னீரிலேயே வளர்ந்த மெய்முதலைகளிடமும் இச்சுரப்பிகள் இருப்பதால், அவற்றின் முன்னோர் கடல் கடந்தே கண்டங்களில் பரவியிருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. அமராவதி அணையிலும் சாத்தனூர் அணையிலும் வாழும் சதுப்புநில முதலையும் அந்த மெய்முதலைப் பேரினத்தைச் சேர்ந்ததே; அதே இனம் இலங்கையின் யால கடற்கரையை ஒட்டிய உவர்நீர்க் கழிகளிலும் காணப்படுகிறது.