முட்டைக்குக் கோழி வாங்குமுன்

2022 ஆகஸ்டில் அரசாங்கம் முட்டைக்கு உச்ச விலை குறித்தது. வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா. அந்த விலைக்கு என் கடைக்கு முட்டை வந்து சேரவில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யுமளவுக்கு நாட்டில் தட்டுப்பாடு. நாமே கோழி வளர்த்தால் என்ன என்று சிலாவத்துறையில் பலர் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். நானும் அவர்களில் ஒருவன். கையையும் சுட்டுக்கொண்டேன்.

வாகனத்தில் குஞ்சு விற்று வந்த ஒருவரிடம் 'சிவப்பு முட்டை லேயர்' என்று நம்பி ஐம்பது குஞ்சு வாங்கினேன். எல்லாம் இளமஞ்சள் நிறம், விலையும் மலிவு. மூன்று மாதம் தீவனம் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கூவ ஆரம்பித்தன! சிவப்பு முட்டையிடும் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றில் பொரித்த அன்றே நிறம் காட்டிவிடும். பேடு செம்மண் நிறம், சேவல் இளமஞ்சள். இதை முன்பே அறிந்திருந்தால் பெட்டியைத் திறந்த உடனேயே மூடியிருப்பேன். வெள்ளை லெக்ஹோர்ன் வழிக் குஞ்சுகளில் இரண்டுமே மஞ்சள்தான். அங்கே நிறம் உதவாது. பேடு பிரித்துத் தரும் பண்ணையில்தான் வாங்க வேண்டும்.

இனி இனத்துக்கு வருவோம். அதிகம் முட்டையிடுவது எது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தீனியை யார் கொடுக்கப்போகிறார் என்று கேட்பதே வியாபாரிக்கு முதல் கேள்வி.

கூட்டில் வளரும் சிவப்பு லேயர் ஒன்று நாளைக்குச் சுமார் 115 கிராம் தின்னும். வருடத்துக்கு 42 கிலோ. 300 முட்டையிட்டால் ஒரு முட்டைக்கு 140 கிராம் தீவனம். 200தான் இட்டால் 210 கிராம். இன்றைய தீவன மூடை விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். தீவனம் முழுவதும் காசு கொடுத்து வாங்குபவருக்கு லோமன் பிறவுண், ஷேவர் பிறவுண் போன்ற கலப்பினமோ லெக்ஹோர்ன் வழிக் கோழியோதான் கட்டுபடியாகும். ஊர்க்கோழியைக் கூட்டில் அடைத்து மூடைத் தீவனம் போட்டால் நட்டம் நிச்சயம். அது பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்குப் படுத்துவிடும். வருடத்துக்கு 50, 60 முட்டை தேறினால் பெரிது.

ஆனால் வளவில் பத்துக் கோழியை அவிழ்த்துவிட்டு, சோறும் தவிடும் போடும் வீட்டுக்கு ஊர்க்கோழி நட்டமில்லை. குஞ்சையும் தானே பொரித்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதல் முட்டை வேண்டுமென்றால் றோட் ஐலண்ட் ரெட், ஒஸ்ட்ரலோர்ப் என்பவை நடுவழி. 1920களில் அவுஸ்திரேலியாவில் ஆறு ஒஸ்ட்ரலோர்ப் பேடுகள் 365 நாளில் 1857 முட்டையிட்டன. நம் முற்றத்தில் அந்தக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். கறுப்பு இறகு வேறு, நிழல் கட்டாயம்.

எங்கள் மன்னார்க் கரை வெயில் தனிக் கணக்கு. உஷ்ணம் ஏறினால் கோழி தீனியைக் குறைக்கும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். உடல் இலேசான, கொண்டை பெரிய லெக்ஹோர்ன் வழிக் கோழி சூட்டைச் சற்று நன்றாகத் தாங்கும். தீனியும் சிவப்பை விடக் கொஞ்சம் குறைவு. சனங்கள் கேட்பதோ சிவப்பு முட்டை. சத்தில் ஓட்டின் நிறத்தால் வித்தியாசம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்பதாயில்லை. கேட்பதைத்தானே விற்க வேண்டும்! ஆகவே சிவப்பை வைப்பவர் கூரைக்குக் கிடுகு போடுங்கள், காலையிலும் மாலையிலும் தீனி வையுங்கள்.

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குக் கிட்டக் கல்சியம் இருக்கிறது. முத்துச் சிப்பிக்குப் பேர்போன கரை இது. மட்டி, சிப்பி ஓட்டைக் கழுவி இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

கலப்பின முட்டையை அடைவைத்துக் குஞ்சு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேவல் விட்டிருந்தால் பொரிக்கும். ஆனால் தாயின் முட்டைக் கணக்கு குஞ்சுகளுக்கு அப்படியே வராது. 75, 80 வாரத்தில் முட்டை குறைந்ததும் விற்றுவிட்டுப் புதுக் குஞ்சுதான் வாங்க வேண்டும். அப்போது சிவப்புக் கோழி இரண்டு கிலோவுக்குக் கிட்ட நிறுக்கும். வெள்ளையில் இறைச்சி குறைவு. கடைசி விற்பனையில் வரும் இந்தக் காசையும் முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.